பூஞ்சைக்கு ஒரு புவிசார் குறியீடு

மதுரை மல்லிக்குக் கிடைத்துவிட்டது. ஈரோட்டு மஞ்சளுக்கும் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் 2019ல் கிடைத்துவிட்டது. கிண்டியில் இருக்கும் புவிசார் குறியீட்டுப் பதிவகத்துக்கு இன்னும் ஒரு விண்ணப்பம் போகாமல் இருப்பது எனக்கு நெடுநாள் குறை. சரக்கின் பெயர் 'டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே'. நம்மூர் வழக்கில் படர்தாமரை. ஆனால் சாதாரணப் படர்தாமரை அல்ல. இந்தியாவின் பெயரையே தன் பெயரில் சுமந்து திரியும் படர்தாமரை. ஜப்பானில் சிகிச்சைக்கு வந்த ஓர் இந்தியர், ஒரு நேபாளி ஆகியோரின் தோலிலிருந்து எடுத்து, இது தனி இனம் என்று 2020ல் அங்குள்ள ஆய்வாளர்கள் பெயர் சூட்டினார்கள். படர்தாமரைக்கு முதல் மருந்தாகக் கொடுக்கப்படும் டெர்பினாஃபினுக்கு இது பெரும்பாலும் மசிவதில்லை. 2023ல் நியூயார்க் பெண்கள் இருவரிடம் இதைக் கண்டதாக அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் அறிவித்தது. ஆக, ஏற்றுமதியும் தொடங்கியாயிற்று. இன்னும் என்ன தகுதி வேண்டும்?

பெயருக்காகப் போராடுவது நமக்குப் புதிதல்ல. காயத்தை ஆற்ற மஞ்சள்தூளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995ல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் காப்புரிமை வாங்கியது. எண் 5,401,504. கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்ட இருவரும் நம் வம்சாவளியினர்தான். பாட்டி முழங்காலில் வைத்த பற்றை மறந்திருக்க மாட்டார்கள். அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம், மஷேல்கர் தலைமையில், 1953ம் ஆண்டின் மருத்துவ இதழ்க் கட்டுரை முதல் சமஸ்கிருத, உருது நூல்கள் வரை கொண்டுபோய்க் கொட்டியது. 1997ல் அந்த உரிமை ரத்தானது. வேம்பின் கதை இன்னும் நீளம். வேப்பெண்ணெயால் செடிகளின் மேல் வரும் பூஞ்சையை ஒழிக்கும் முறைக்கு அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் 1994ல் உரிமை வாங்கின. சூழலியல் செயற்பாட்டாளர் வந்தனா சிவா முதலானோர் எதிர்த்தார்கள். 2000ல் ரத்து, மேல்முறையீடும் 2005ல் தள்ளுபடி. ஒன்று காயத்துக்கு, ஒன்று பூஞ்சைக்கு. இரண்டு வழக்கிலும் நாம் ஜெயித்தோம். அவை நேர்மையான வெற்றிகள், அதில் எனக்குக் கேலி இல்லை.

கேலி அதற்குப் பிறகு நடந்தவற்றில் இருக்கிறது. மஞ்சளை மீட்டவர்கள் மஞ்சளை என்ன செய்தோம்? மேடைதோறும் அந்த இரண்டு வெற்றிகளையும் பேசினோம். வேறு நாட்டுக்காரன் நம் மூலிகையைத் தொட்டால் கொதிக்கிற ரத்தம், நம் நாட்டுக் கம்பெனி அதே மூலிகையின் படத்தை அட்டைப்பெட்டியில் அச்சடித்து உள்ளே எதை வேண்டுமானாலும் அடைத்தால் கொதிப்பதில்லை. தேசபக்தி ஏற்றுமதி இறக்குமதிக்கு மட்டும் பொருந்தும் போலிருக்கிறது.

விண்ணப்பத்துக்கு வருவோம். படிவத்தில் உற்பத்தி முறையை விளக்க வேண்டும். எழுதித் தருகிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. நாளெல்லாம் வியர்வையில் நிற்கும் ஒருவருக்கு இடுப்பிலும் தொடை இடுக்கிலும் வட்டவட்டமாக, ஓரம் சிவந்து, தாங்க முடியாத அரிப்பு. அறையில் ஆறு பேர், ஒரே கொடியில் எல்லோர் துண்டும். தோல் டாக்டரிடம் போனால் ஒருநாள் கூலி போகும்; கூச்சம் வேறு. மெடிக்கலுக்குப் போய்க் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, அரிப்புக்கு ஏதாச்சும் குடுங்கண்ணே" என்கிறார். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கும் அண்ணன் எங்கே, எத்தனை நாளாக, சர்க்கரை உண்டா என்று எதையும் கேட்பதில்லை. கேட்டால் அது மருத்துவம் பார்ப்பது. படிக்காதவர் செய்யக் கூடாது. கேட்காமல் கொடுத்தால் வியாபாரம். ஒரு ட்யூப் கைமாறுகிறது.

அந்த ட்யூபுக்குள் ஒரு கூட்டணி ஆட்சி நடக்கிறது. பூஞ்சைக்கு டெர்பினாஃபின். பாக்டீரியாவுக்கு ஓஃப்ளாக்சசின், பாக்டீரியா அங்கே இருக்கிறதா என்பது பற்றிக் கவலையில்லை. அடுத்து ஆர்னிடசோல். இது அமீபா வயிற்றுப்போக்குக்குக் கொடுப்பது. இடுப்பில் வந்த படைக்குப் பேதி மருந்து எதற்கு என்று கேட்கும் வாசகர் கூட்டணி தர்மம் அறியாதவர். நான்காவதாக, உண்மையான முதலமைச்சர்: க்ளோபெட்டசால். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளில் மிக வீரியமான வகுப்பைச் சேர்ந்தது. ஹைட்ரோகார்ட்டிசோனைவிடப் பல நூறு மடங்கு வலு. ஸ்டீராய்டு செய்வது எளிய வேலை. பூஞ்சையை எதிர்த்து உடம்பு எழுப்பும் சிவப்பையும் அரிப்பையும் அடக்குகிறது. அதாவது, அலறுகிறவன் வாயைப் பொத்துகிறது, திருடனைத் தொடுவதில்லை. இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிடும். "சூப்பர் மருந்துண்ணே!" அறையில் மற்ற ஐந்து பேரும் அதே ட்யூபை வாங்குகிறார்கள்.

ட்யூப் தீர்ந்ததும் அரிப்பு திரும்பி வருகிறது, முன்பைவிட அகலமாக. எதிர்ப்பு அடங்கிய தோலில் பூஞ்சை தடையின்றிப் பரவியிருக்கும். வட்டம் கலைந்து உருத்தெரியாமல் போவதால் அனுபவமுள்ள டாக்டரே சற்றுத் திணறுவார். தொடை இடுக்கில் தோல் மெலிந்து வரிவரியாகக் கிழிந்த தழும்பு விழும். அது ஆயுளுக்கும் போகாது. அரைகுறையாகப் பூசிய டெர்பினாஃபினில் சாகாமல் தப்பிய பூஞ்சைக்கு அது பயிற்சி முகாம். இப்படி ஆயிரமாயிரம் அறைகளில், லட்சக்கணக்கான ட்யூபுகளில் பொறுமையாகப் பிசைந்து வளர்த்த சரக்குதான் நம்முடையது. மண்ணோடு இதைவிட நெருக்கமான தொடர்பு மல்லிக்கும் இல்லை, மஞ்சளுக்கும் இல்லை.

அரசு சும்மா இருந்தது என்று சொன்னால் பாவம். 2016 மார்ச்சில் 344 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடி ஆராயச் சொன்னது. 2018 செப்டம்பரில் 328 மருந்துகளுக்கு மீண்டும் தடை. பட்டியலில் தோல் களிம்புகளும் இருந்தன. இந்த இரண்டரை ஆண்டுகளில் பூஞ்சை எந்த நீதிமன்றத்திலும் வாய்தா கேட்கவில்லை. அதே 2018 மார்ச்சில், பூசும் ஸ்டீராய்டுகள் 14ஐ மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவிக்கையும் வந்தது. அதுவரை சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. தோல் மருத்துவர்கள் ஆண்டுக்கணக்காகக் கத்தித்தான் அதை அடைத்தார்கள். அறிவிக்கை அரசிதழில் பத்திரமாக இருக்கிறது. மெடிக்கல் ஷாப் அண்ணனுக்கு அரசிதழ் படிக்கும் பழக்கம் இல்லை.

"அதனால்தான் சொல்கிறோம், இங்கிலீஷ் மருந்தை விட்டு மூலிகைக்கு வாருங்கள்!" என்று ஒரு கை எழுவது தெரிகிறது. வந்தேன் ஐயா. மூலிகைக் கடையிலும் ஒரு சுற்று சுற்றிவிடுவோம்.

மூலிகையில் சரக்கு இல்லை என்று சொல்பவன் நானல்ல. சீமை அகத்தியை வண்டுகொல்லி என்று அழைத்த நம் ஆட்களுக்கு அதில் இருக்கும் ஆந்த்ராகுவினோன்கள் பற்றித் தெரியாது. படையில் பூசினால் என்ன ஆகும் என்று தெரியும். தேமலுக்கு அந்த இலைச் சாற்றை மனிதரிடமே சோதித்துப் பார்த்த கட்டுரை 1994லேயே சர்வதேச இதழில் வந்தது. நாற்று நடும் பெண்கள் சேற்றுப்புண்ணுக்கு மருதாணியை அரைத்துக் கட்டினார்கள். மருதாணியில் உள்ள லாசோன் என்னும் சேர்மம் பூஞ்சைக்கு ஆகாதது. 1907ல் ஆர்தர் விட்ஃபீல்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் படைக்கு ஒரு களிம்பு சொன்னார்: பென்சாயிக் அமிலம் 6 பங்கு, சாலிசிலிக் அமிலம் 3 பங்கு. முன்னது சாம்பிராணியிலிருந்து முதலில் பிரித்தது, பின்னது வில்லோ மரப்பட்டையின் உறவு. உலகச் சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அதைப் பல ஆண்டுகள் வைத்திருந்தது. விலை சொற்பம், எரிச்சல் கொஞ்சம், ஸ்டீராய்டு துளியும் இல்லை. இதற்கு நடிகை வைத்து விளம்பரம் எடுத்தவர் யாராவது உண்டா? லாபம் இல்லாத மருந்துக்கு மரபுப் பெருமையும் வந்து சேர்வதில்லை.

அப்படியானால் நம் பல்கலைக்கழகங்கள் என்ன செய்கின்றன? வளையம் அளக்கின்றன. ஒரு செடியைப் பறி, நிழலில் உலர்த்து, மெத்தனாலில் ஊறவை, கண்ணாடித் தட்டில் வளர்ந்த பூஞ்சைமேல் ஊற்று. சுற்றிலும் பூஞ்சை செத்த வளையத்தை மில்லிமீட்டரில் அள. முனைவர் பட்டம் தயார். அடுத்த மாணவருக்கு அடுத்த செடி. செடி தீர்ந்தால் அதன் வேர், பிறகு பட்டை, பிறகு பூ. அந்தத் தட்டில் ஃபினாயிலை ஊற்றினாலும் பெரிய வளையம் வரும் என்பதை வாய்மொழித் தேர்வில் கேட்பது மரியாதையல்ல. சாதாரணப் படர்தாமரைப் பூஞ்சையை டெர்பினாஃபின் ஒரு மைக்ரோகிராமின் சிறு துளியில் அடக்கும். நம் சாறுகள் மில்லிகிராம் கணக்கில் கேட்கும். பல ஆயிரம் மடங்கு. அந்த அளவை மனிதத் தோலில் ஏற்ற முடியுமா, ஏற்றினால் தோல் மிஞ்சுமா? கட்டுரையின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: மேலும் ஆய்வு தேவை. அந்த மேலும் வருவதே இல்லை. வெளியிடக் காசு கொடுத்தால் போதும் என்னும் இதழ்கள் இருக்க, எதற்கு மேலும்? பல்கலைக்கழக மானியக் குழு 2018ல் ஒரே வீச்சில் 4,305 இதழ்களைத் தன் பட்டியலிலிருந்து தூக்கியது. அவ்வளவையும் முதலில் பட்டியலில் வைத்திருந்ததும் அதே குழுதான்.

இதற்குள் வெளியே என்ன நடந்தது தெரியுமா? வடக்கு ஐரோப்பாவில் பூர்ஜ மரம் இருக்கிறது. அதன் பட்டைச் சாறு காயத்துக்கு நல்லது என்பது அவர்களுடைய பாட்டி வைத்தியம். அவர்கள் அதற்கு விழா எடுக்கவில்லை. பட்டையிலிருந்து டிரைடெர்பீன்களைப் பிரித்து எண்ணெயில் கெட்டியாக்கி, தொட்டால் தோல் உரியும் பரம்பரை நோய் கொண்ட 223 பேரிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் எண்ணெய்க்களிம்பு; யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. 45 நாளில் காயம் மூடியது மருந்து பூசியவர்களில் நூற்றுக்கு 41.3 பேருக்கு, மற்றவர்களில் 28.9 பேருக்கு. அற்புதம் ஒன்றுமில்லை. ஆனால் இத்தனைதான் என்று அச்சிட்டார்கள். 2022ல் ஐரோப்பாவும் 2023ல் அமெரிக்காவும் அனுமதித்தன. 1997ல் மஞ்சளை ஜெயித்த நாடு, காயத்துக்கு மஞ்சளை வைத்து இப்படி உலகம் ஒப்பிய ஒரு மருந்தைக்கூட முன்வைக்கவில்லை. குர்குமினை அலசிய 2017ம் ஆண்டின் புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வுரை, அதுவரை நடந்த முறையான இரட்டை மறைப்புச் சோதனை எதிலும் அது தேறவில்லை என்று எழுதியது. அதை மறுக்கும் ஒரே வழி நல்ல சோதனை. நாம் தேர்ந்தெடுத்த வழி கோபம்.

சோதனை எதற்கு, சட்டமே கேட்கவில்லையே. பழைய நூலில் சொன்ன சித்த, ஆயுர்வேத மருந்தைத் தயாரிக்க உரிமம் வாங்க மருத்துவச் சோதனை தேவையில்லை. சரி, விளம்பரத்திலாவது கடிவாளம் வேண்டாமா? 2018 டிசம்பரில் 170ம் விதி வந்தது: மாநில அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் இந்த மருந்துகளை விளம்பரம் செய்யக் கூடாது. 2023 ஆகஸ்டில் அந்த விதியின்கீழ் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகமே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. 2024 ஜூலையில் விதியையே நீக்கியது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை இடைக்காலமாக நிறுத்திவைத்தது. கடிவாளம் போட்டவரே அதை அவிழ்க்க எத்தனை அவசரப்பட்டார் பாருங்கள். இதில் சித்த மருத்துவத்துக்கு என்ன மரியாதை இருக்கிறது? ஐந்தரை ஆண்டு படித்து, மத்தன் தைலத்தை எந்தப் புண்ணுக்கு வைக்கலாம், எதற்கு வைக்கக் கூடாது என்று தெரிந்த சித்த மருத்துவரும், டிவியில் எந்தப் புண்ணுக்கும் ஒரே எண்ணெய் விற்கும் ஆசாமியும் ஒன்று என்று ஆக்கிவிட்டார்கள். சர்க்கரை நோயாளி உள்ளங்காலில் வந்த புண்ணுக்கு அந்த எண்ணெயை ஒரு மாதம் தடவிவிட்டு வந்தால், அறுவை அரங்கில் விரலோடு நிறுத்துவதா கணுக்காலோடு எடுப்பதா என்பதுதான் பேச்சு. எண்ணெய் விற்றவர் அந்த அரங்குக்கு வருவதில்லை. அடுத்த விளம்பரத்தில் இருப்பார்.

இலை படம் போட்ட ட்யூபுக்குள் இலைதான் இருக்கும் என்றும் நம்ப வேண்டாம். பிரிட்டனில் மூலிகைக் களிம்பு என்று விற்றவற்றுக்குள் நம் பழைய நண்பர் க்ளோபெட்டசால் ஒளிந்திருந்ததை அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒருமுறைக்கு மேல் பிடித்து எச்சரித்திருக்கிறது. பூசிய இரண்டே நாளில் அரிப்பை நிறுத்துகிற மூலிகை உங்களிடம் இருந்தால், பக்தியோடு அல்ல, சந்தேகத்தோடு பாருங்கள்.

பதிவகத்துக்கு என் விண்ணப்பத்தில் உற்பத்தியாளர் சங்கம் என்ற இடத்தை மட்டும் நிரப்ப முடியவில்லை. கூட்டு மருந்துக் கம்பெனி, சீட்டில்லாமல் விற்கும் கடை, வளையம் அளக்கும் பேராசிரியர், விதியை எழுதி விதியை அழிக்கும் அமைச்சகம் என எல்லோரும் உழைத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட மட்டும் ஒருவரும் முன்வரமாட்டார்கள்.

வாசகரே, வீட்டில் இருக்கும் தோல் களிம்பை எடுத்து அதன் முதுகில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். கண் தெரியாவிட்டால் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். க்ளோபெட்டசால், ஹாலோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன். இவற்றில் ஒன்று இருந்தால் அதைப் படர்தாமரைக்குப் பூசாதீர்கள், அடுத்தவருக்கும் கொடுக்காதீர்கள். மாதக்கணக்கில் பூசியிருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள். அங்கே பார்ப்பதற்குக் காசு கிடையாது.