வாரநாளில் கள்ளன், வார இறுதியில் காட்சி

மாத்தளை மாவட்டத்தில் வனவிலங்கு பார்க்க வேலிக்கு வெளியே போக வேண்டியதில்லை. பலா பழுக்கும் வீட்டில் குரங்கு இருக்கும். தென்னை நிற்கும் வீட்டில் மர அணில் இருக்கும். நெல் விதைத்த வயலில் மயில் இருக்கும். மரவள்ளி நட்ட வளவில் காட்டுப்பன்றி இருக்கும், மரவள்ளிதான் இருக்காது. இருந்தும் சனிக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு இந்த மாவட்டத்துக் குடும்பத் தலைவர்கள் சிலர், தூங்குகிறவர்களை எழுப்பாமல் தாங்களே பிளேன்டீ ஊற்றிக் குடித்துவிட்டு, கமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விலங்கு பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் போய் இரண்டு மணி நேரம் கழித்து விலங்குகள் வீட்டுக்கு வருகின்றன.

இந்த நேரக் குளறுபடிக்கு ஒரு தீர்வு, யாரும் எதிர்பாராமல், அரசாங்கத்திடமிருந்து வந்தது. 2025 மார்ச் 15 ஒரு சனிக்கிழமை. அன்று காலை 8 மணி முதல் 8.05 வரை, ஐந்தே நிமிடத்தில், அவரவர் வளவிலும் வயலிலும் நிற்கும் குரங்கு, மந்தி, மர அணில், மயில் எல்லாவற்றையும் எண்ணி எழுதும்படி நாட்டு மக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். பயிர்ச்சேதத்துக்கு வழி காண்பதுதான் நோக்கம். ஆனால் எண்ண வேண்டுமென்றால் விரட்ட முடியாது. ஆகவே ஆயுள் முழுக்கக் கல்லும் கெட்டபோலுமாக முற்றத்தில் நின்றவர்கள் அன்று பேனாவும் தாளுமாக நின்றார்கள். வேலி தாண்டிய குரங்கு இரண்டு வீட்டுக் கணக்கிலும் ஏறியது. எட்டு மணிக்கு ஒன்றும் வராமல் எட்டுப் பத்துக்கு ஒரு கூட்டமே வந்து இறங்கிய வீட்டுக்காரர், தாளில் பூச்சியம் போட்டுவிட்டு வழக்கம்போல் கல்லைத் தேடினார்.

கணக்கு வெளியானபோது குரங்கு 50 இலட்சத்துக்கு மேல், மயில் 40 இலட்சத்துக்கு மேல் என்று வந்தது. நாட்டின் சனத்தொகை 2 கோடியே 17 இலட்சம். வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய நாலு பேருக்கு ஒரு குரங்கு, அதாவது ஒரு குடும்பத்துக்கு ஒன்று. சூழலியலாளர்கள் சிலர் இந்தத் தொகை நம்பத்தக்கதல்ல என்றார்கள். மாத்தளைத் தென்னைக்காரர்களும் நம்பவில்லை. அவர்களுக்கு அது குறைவாகத் தெரிந்தது.

மேற்படி குரங்கு, சிங்களத்தில் 'ரிலவா', உலகில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாதது. தலை நடுவிலிருந்து மயிர் சுற்றிலும் விரிந்து, அவசரத்தில் வைத்த தொப்பி போல நெற்றியில் விழும். கன்னத்தில் பை உண்டு. திருடிய இடத்தில் நின்று மெல்ல வேண்டிய கட்டாயம் அதற்கில்லை. தென்னையில் ஏறினால் தேங்காயோடு நிறுத்தாமல் குரும்பட்டியையும் பிடுங்கிப் போடும், அதில் பாதியைத் தின்பதுகூட இல்லை. தென்னைக்காரருக்கு எரிச்சல் அந்தப் பாதியில்தான். 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் பேச்சு எழுந்து, நீதிமன்றம் வரை போய், ஓய்ந்தது. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு மோதியதால் நாடு முழுவதும் கரண்ட் நின்றது என்று மின்சக்தி அமைச்சரே சொன்னார். வார இறுதியை இவ்வளவு பயனுள்ளதாகக் கழித்த உயிர் வேறில்லை.

இதே குரங்குக்குப் பக்கத்து மாவட்டமான பொலன்னறுவையில் வேறு மரியாதை. அங்குள்ள கூட்டங்களை 1968 முதல் ஆய்வாளர்கள் தலைமுறை தலைமுறையாகக் குறித்துவருகிறார்கள். டிஸ்னி நிறுவனம் அவற்றைக் கதாநாயகர்களாக வைத்து 2015இல் 'மங்கி கிங்டம்' என்று முழுநீளப் படமே வெளியிட்டது. ஆகவே மாத்தளைப் படப்பிடிப்பாளரும் குரங்கு எடுப்பதற்கு ஜீப் பிடிக்கிறார். வீட்டம்மாவின் கேள்வி எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "என்னங்க, குரங்கு பார்க்க எலஹெர வரைக்கும் போகணுமா? கூரையில ஏறுங்க. படத்தையும் எடுத்த மாதிரி, உடைஞ்ச ஓட்டையும் மாத்தின மாதிரி இருக்கும்." இதற்கு நியாயமான பதில் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. பின்னணியில் தண்ணீர்த் தாங்கி விழும், வெளிச்சம் சரியில்லை என்று முனகுவதே வழக்கம்.

மர அணிலின் கதை இன்னும் விசித்திரம். சாம்பல் பூத்த உடம்பும் உடம்பளவு வாலும் உள்ள இந்தப் பெரிய அணில், இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மட்டுமே உண்டு. தமிழ்நாட்டில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே இதற்கென்றே 1988இல் ஒரு சரணாலயம் அமைத்தார்கள். அங்கே அதைக் காண வெளியூரிலிருந்து ஆள் வருகிறது, அண்ணாந்து பார்த்துக் கழுத்துப் பிடித்துக்கொள்கிறது. கடலைத் தாண்டி உக்குவளைக்கு வந்தால் அதே அணில் இளநீரில் வட்டமாக ஓட்டை போட்டுக் குடித்துவிட்டு, கோதைத் தலையில் போடும் அயலவர். சரணாலயம் வைத்துக் காப்பதா, பயிர்நாசிப் பட்டியலில் எழுதி எண்ணுவதா என்பது அந்த அணில் பாக்கு நீரிணைக்கு எந்தப் பக்கம் பிறந்தது என்பதைப் பொறுத்தது.

உபகரணம் பற்றிச் சிறிது. நீண்ட லென்ஸின் விலை வீட்டில் சொல்லப்படும்போது எப்போதும் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பழசு, கூட்டாளி ஒருத்தர் கழிவு விலைக்குத் தந்தார் என்பது அதற்குரிய சூத்திரம். உடை மண் நிறத்தில் இருக்கலாம். இராணுவத்தார் போடுவது போன்ற பச்சைப் புள்ளிச் சட்டை மட்டும் ஆகாது, இந்நாட்டில் பொதுமக்கள் அதை அணிவது குற்றம். தமிழ் பேசுகிற ஒருவர் நீளமான கறுப்புக் குழாயுடன் புதருக்குள் குப்புறப் படுத்திருப்பதை 'பொழுதுபோக்கு' என்று சோதனைச்சாவடியில் விளங்கவைக்க முடியாத காலம் ஒன்று இருந்தது. ஐம்பதைத் தாண்டியவர்கள் பலர் இந்தக் கலைக்குப் பிந்தி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வஸ்கமுவ 1984இல் தேசியப் பூங்காவானது. மாத்தளை, பொலன்னறுவை இரண்டு மாவட்டத்திலும் கால் வைத்து, மகாவலிக்கும் அம்பன் கங்கைக்கும் நடுவே கிடக்கிறது. சிங்களத்தில் 'வலஸ்' என்றால் கரடி, பூங்காவின் பெயர் அதிலிருந்து வந்தது என்பார்கள். அங்கே கரடியைப் பார்த்தவர்கள் குறைவு. கரடி அவர்களை நிறையப் பார்த்திருக்கும். ஜீப் சாரதிகளிடம் இரண்டு சிங்களச் சொற்கள் எப்போதும் தயார்: "ஈயே ஹிட்டியா." நேற்று இருந்தது என்று பொருள். நேற்று வந்தவருக்கும் இதையே சொல்லியிருப்பார்கள். யானைக்கு அங்கே பஞ்சமில்லை. ஆனால் ஜீப் நின்று, இயந்திரம் அணைந்து, லென்ஸ் மூடி கழன்று, மூச்சை அடக்கும் அந்த வினாடியில் யானை திரும்பிக்கொள்ளும். மாத்தளையில் சில வீடுகளின் ஹோல் சுவரில் கண்ணாடிச் சட்டமிட்டுத் தொங்கும் யானைப் படங்களில் வால் நடுவில் இருப்பதற்கு இதுவே காரணம்.

இரத்தோட்டையிலிருந்து வளைந்து ஏறும் பாதை ரிவர்ஸ்டன் காற்றையும் பிட்டவல பத்தனப் புல்வெளியையும் காட்டிக்கொண்டு இலுக்கும்புரவுக்குப் போகிறது. மடக்கிய கையின் விரல் முட்டுகளைப் போலத் தெரிவதால் வெள்ளைக்காரர்கள் நக்கிள்ஸ் என்ற இந்த மலைத்தொடர், 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையில் ஒரு பகுதியானது. இங்கே தேடப்படுவது இலைமூக்கு ஓணான். மூக்கு நுனியில் யாரோ வெற்றிலைத் துணுக்கை ஒட்டிவிட்டது போல ஒரு மடல் நீட்டிக்கொண்டிருக்கும். உலகத்தில் இந்த மலையைத் தவிர வேறெங்கும் இல்லை. அதன் விஞ்ஞானப் பெயரில் இருப்பவர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். 1848இல் நாய்க்கும் துப்பாக்கிக்கும் வரி போட்டு மாத்தளையில் கிளர்ச்சி மூளவைத்த அரசாங்கத்தின் குடியேற்றநாட்டுச் செயலாளர் அவர். பதின்மூன்று வருடம் கழித்து அவர் பெயர் மாத்தளை மலை ஓணான் ஒன்றுக்குச் சூட்டப்பட்டது. ஓணானுக்கு இதில் ஆட்சேபணை சொல்ல இடமிருக்கவில்லை.

ஏலக்காய்ச் செடிகளுக்கு நடுவே, பாசி படிந்த ஒரு மரத்தில், இடுப்பளவு உயரத்தில் அது ஒட்டிக்கொண்டிருக்கும். ஓடாது. அதுதான் வஞ்சகம். படப்பிடிப்பாளர் இடப்புறம் ஓர் அடி வைத்தால் ஓணான் வலப்புறம் ஓர் அங்குலம் நகரும். அவர் வலப்புறம் வந்தால் அது மரத்தின் பின்னால் போய், மூக்கை மட்டும் வெளியே நீட்டி நிற்கும். பிடித்து இழுத்து வைக்கவும் முடியாது, தொட்டாலே சட்டம் பாயும். மூன்று சுற்று மரத்தை வலம்வந்த பிறகு, கோயிலில் கூட இவ்வளவு சுற்றாதவர், முழங்காலில் உட்கார்கிறார். காட்டுக்குள் வெளிச்சம் குறைவு. கமராவின் கதவம் மெதுவாகத் திறந்து மூடவேண்டும், கை அசையக்கூடாது. கை அசையாமல் இருப்பது அட்டைக்கு மிகவும் தோதானது.

அட்டைக்கு மூன்று தாடை. இரத்தம் உறையாதிருக்க ஒரு பொருளைக் கலந்துவிட்டுத்தான் குடிக்கத் தொடங்கும். குடித்து முடித்துத் தானே விழுந்த பிறகும் காயம் ஒழுகிக்கொண்டே இருக்கும். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் சவர்க்காரத்தைக் காலில் குழைத்துப் பூசிக்கொண்டு, இதைப் பற்றிப் பேச்சே இல்லாமல் வேலையைப் பார்ப்பார்கள். படப்பிடிப்பாளர் அட்டைக்கென்றே தைத்த நீளமான மேஸ் வாங்கி முழங்கால் வரை இழுத்துக் கட்டியிருப்பார். அட்டை முழங்கையில் ஏறும். ஓணான் ஒரு நிமிடம் முழுசாக முகத்தைக் காட்டிய நேரமும், கழுத்துப்பட்டிக்குள் ஏதோ குளிராக நெளிந்த நேரமும் ஒன்றாக அமையும். வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கினால் ஓணானுக்குப் பின்னால் இருந்த ஏலக்காய் இலையின் நரம்பு ஒவ்வொன்றும் துல்லியமாகத் தெரியும். ஓணான் புகையாக இருக்கும்.

இரவு வேட்கையுள்ளவர்களுக்குத் தம்புள்ளைக்கு அருகே, கண்டலமப் பாதையில், பொப்ஹாம் தாவரத் தோட்டம் உண்டு. சாம் பொப்ஹாம் என்ற ஆங்கிலேயர் 1963இல் தொடங்கியது. பற்றையை மட்டும் வெட்டி, முளைத்த காட்டு மரக்கன்றுகளைத் தம்பாட்டில் வளரவிட்டார், காடு தானே திரும்பி வந்தது. சும்மா விட்டதற்காக ஒரு மனிதர் புகழ்பெற்றது அபூர்வம். அங்கே இரவில் தேவாங்கு பார்க்கலாம். 'தேவாங்கு மாதிரி முழிக்காதே' என்று சின்ன வயதில் திட்டு வாங்கியவர்கள் இப்போது பணம் கட்டி, சிவப்பு டோர்ச் பிடித்து, அது முழிப்பதைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள். படத்தில் கறுப்புச் சதுரமும் அதற்குள் இரண்டு சிவப்புப் புள்ளியும் விழும். கீழே பெயர் எழுதாவிட்டால் தூரத்தில் போகும் லொறி என்றும் சொல்லலாம்.

பறவைகளில் ஆறுமணிக் குருவிக்கு ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது. குளிர்காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து, காலையிலும் மாலையிலும் கூப்பிடும் இந்தப் பல வண்ணக் குருவி, தன் அழகான உடுப்பை மயில் பறித்துக்கொண்டது என்று முறையிடுவதாகச் சிங்களக் கிராமத்தில் கதை. மயில் 40 இலட்சமான பிறகு முறைப்பாடு எடுபட வாய்ப்பில்லை. நீண்ட வெள்ளை வாலை இழுத்துக்கொண்டு பறக்கும் அரசவால் ஈப்பிடிப்பானுக்கு அதே சிங்களத்தில் 'ரெதி ஹொரா', சீலைக் கள்ளன், என்று பேர். இந்த மாவட்டத்தில் பயிரைத் தொடாத குருவிக்கும் கள்ளன் பட்டம் தப்பாது.

எப்போதாவது, ஆயிரத்தில் ஒன்றாக, அந்தச் சீலைக் கள்ளன் கூர்மையாக விழும். கிளை, வால், கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம், எல்லாம். ஞாயிற்றுக்கிழமை இரவு அது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடப்படும். மாமா ஒருவர் கைகூப்பிய படம் அனுப்புவார், கனடாவில் இருக்கும் மருமகள் இது காக்காவா என்று கேட்பாள். திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு வேறொரு சொந்தக்காரரிடமிருந்து, வேறொரு குழுவில், அதே படம் திரும்பி வரும். வால் வெட்டப்பட்டிருக்கும். தலைக்கு மேல் ஒரு ரோசாப்பூ, அதன் கீழே மஞ்சள் எழுத்தில் 'இனிய காலை வணக்கம்'. அதைப் பார்த்துக்கொண்டு படப்பிடிப்பாளர் படுக்கையில் இருக்கும்போது கூரையில் ஓடு ஒன்று சரியும் சத்தம் கேட்கும். கமரா பற்றரி அப்போதுதான் சார்ஜில் போட்டிருக்கும்.