ஒரு கழிப்பறையின் விலை

கேள்வி: ஒரே ஒரு கழிப்பறைக்கு ஒரு நகர நிர்வாகத்தால் எவ்வளவுதான் செலவழிக்க முடியும்?

பதில்: அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம், நோ வேலி என்னும் பகுதியின் சதுக்கத்தில் அமையவிருந்த ஒற்றைக் கழிப்பறைக்கு 2022-இல் 17 லட்சம் டாலர் என மதிப்பிட்டு, 2025-இல்தான் அது பயன்பாட்டுக்கு வரும் என்றும் அறிவித்தது, அதுவரை அடக்கிக்கொள்வது குடிமக்களின் கடமையாயிற்று. குடிநீர்க் குழாயும் கழிவுநீர் இணைப்பும் அவ்விடத்தில் முன்பே இருந்தமையால், செலவின் காரணத்தை மண்ணுக்கடியில் தேடுவதைவிட மேசைகளின் மேல் தேடுவதே தகும்: பொதுக் கட்டடங்களின் தோற்றத்தை ஆராயும் கலை ஆணையத்தின் ஒப்புதல், சுற்றுச்சூழல் ஆய்வு, மக்கள் கருத்துக் கேட்பு, ஒப்பந்தப்புள்ளி எனக் கோப்பு நகரவேண்டிய ஒவ்வொரு படியிலும் காலமும் ஊதியமும் கரையவிருந்தன. ஊர் நகைக்கத் தொடங்கியதும், தொழிற்சாலையில் முழுதாகச் செய்து கொண்டுவந்து இறக்கிவைக்கக்கூடிய கழிப்பறை ஒன்றை நெவாடா மாநிலத் தொழிலதிபர் ஒருவர் இலவசமாகத் தர முன்வந்தார்; ஆனால் கருக்கலைப்பு முதலிய உரிமைகளைக் கட்டுப்படுத்தும் மாநிலங்களின் நிறுவனங்களோடு ஒப்பந்தம் கூடாது என்ற நகரச் சட்டத்தின் பட்டியலில் (2023-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது) நெவாடாவும் இருந்தது. ஒருவழியாக 2024 ஏப்ரலில் கழிப்பறை திறக்கப்பட்டபோது, இலவசமாக வந்த அதனை நிலத்தில் நிறுத்த நகருக்கு ஆன செலவு சுமார் 2 லட்சம் டாலர்.