நாபோத்தின் தோட்டம்: கேள்வி பதில்

கே: சாமியார்களுக்கும் பாஸ்டர்களுக்கும் அரசியல் எதற்கு?

ப: வேண்டாம் என்றால் பைபிளில் பாதியைக் கிழித்துவிட வேண்டியதுதான். நாபோத்தின் பரம்பரைத் தோட்டத்துக்கு ஆகாப் ராஜா ஆசைப்பட்டான். நாபோத் தர மறுத்தான். ராணி யேசபேல் இரண்டு பொய்ச்சாட்சிகளைப் பிடித்து அவனைக் கல்லெறிந்து கொல்ல வைத்தாள். தோட்டத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளப் போன ராஜாவை அங்கேயே மடக்கிக் கேட்டார் தீர்க்கதரிசி எலியா. நில அபகரிப்புக்கு முதல் எஃப்.ஐ.ஆர்.!

கே: அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்கிறதே ரோமர் 13?

ப: சொல்கிறது. 2018-ல் அமெரிக்க எல்லையில் பெற்றோரையும் பிள்ளைகளையும் பிரித்தபோது, அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ் அதைத்தான் எடுத்துக் காட்டினார். எழுதிய பவுல் என்ன செய்தார்? பிலிப்பியில் விசாரிக்காமல் அடித்து உள்ளே போட்ட அதிகாரிகள், மறுநாள் சத்தமில்லாமல் போகச் சொன்னார்கள். நேரில் வந்து அழைத்துப் போனால்தான் ஆச்சு என்று உட்கார்ந்துவிட்டார். வந்து கெஞ்சினார்கள். அப்போஸ்தலர் 16. அமைச்சர்கள் அந்தப் பக்கம் புரட்டுவதில்லை.

கே: ஸ்டேன் சுவாமி சேவையோடு நிறுத்தியிருந்தால் ஜெயிலுக்குப் போயிருப்பாரா?

ப: மாட்டார். சோறு போட்டால் பாராட்டு, ஏன் சோறில்லை என்று கேட்டால் வழக்கு. திருச்சி மாவட்டத்தில் பிறந்த அந்த இயேசு சபைக் குரு, ஜார்க்கண்டில் ஆதிவாசிகளின் நிலம் எங்கே போகிறது என்று கேட்டார். விசாரணைக் கைதிகளாகவே கிடந்தவர்களுக்காக உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். 2020 அக்டோபர் 8-ல் எல்கார் பரிஷத் வழக்கில் என்.ஐ.ஏ. அவரை பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான 'உபா'வில் கைது செய்தபோது வயது 83. குற்றச்சாட்டை மறுத்தார். பார்க்கின்சன் நோய், டம்ளரைப் பிடிக்க முடியாது. உறிஞ்சுகுழலும் சிப்பர் கப்பும் கேட்டார். பதில் சொல்ல என்.ஐ.ஏ.வுக்கு 20 நாள் தேவைப்பட்டது. 2021 ஜூலை 5-ல், ஜாமீன் மனு உயர் நீதிமன்றத்துக்கு வந்த அன்றே, மும்பை மருத்துவமனையில் இறந்துபோனார். விசாரணை தொடங்கவே இல்லை. விசாரணைக் கைதிகளுக்காக வாதாடியவர் விசாரணைக் கைதியாகவே போய்ச் சேர்ந்தார்.

கே: ஆயர்கள் ஏன் இப்படித் துணிவதில்லை?

ப: பள்ளிக்கு அங்கீகாரம், வெளிநாட்டு நன்கொடைக்கு எஃப்.சி.ஆர்.ஏ. அனுமதி... புதுப்பிக்க வேண்டிய காகிதங்கள் நிறைய. துணிந்தவரும் உண்டு. எல் சால்வடாரின் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ, 1980 மார்ச் 23 பிரசங்கத்தில், சொந்த ஜனங்களைச் சுடச் சொன்னால் கேட்காதீர்கள் என்று சிப்பாய்களுக்குச் சொன்னார். மறுநாள் பூசையிலேயே சுட்டுக் கொன்றார்கள். ரோம் 2018-ல் புனிதராக்கியது. தோட்டா வர ஒரு நாள், பட்டம் வர 38 வருடம்!

கே: சபைக்குள் நடக்கும் அநியாயம்?

ப: திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரைப் பிரிக்கக் கட்டிய சுவரைப் பார்த்தவர் இதைக் கேட்க மாட்டார். பாஸ்டனில் சிறுவர்களைச் சீரழித்த குருக்களைப் பங்கு மாற்றி மறைத்த விவகாரத்தில் கர்தினால் பெர்னார்ட் லா 2002-ல் பதவி விலகினார். இரண்டே வருடத்தில் ரோமில் ஒரு பெரிய பசிலிக்காவின் பொறுப்பு கிடைத்தது. தண்டனையாம்!

கே: மன்னிக்கச் சொன்ன மதமாயிற்றே?

ப: தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக் காலக் குற்றங்களை விசாரிக்க ஆர்ச்பிஷப் டுட்டு தலைமை வகித்த உண்மை ஆணையத்தில், செய்ததை முழுதாகச் சொன்னவரால்தான் பொதுமன்னிப்பே பெற முடிந்தது.

கே: சாதாரண விசுவாசி நான் என்ன செய்ய?

ப: ஞாயிறன்று பங்குக் கணக்கைக் கேளுங்கள். திங்களன்று 10 ரூபாய் கட்டித் தாலுகா ஆபீசில் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.