ஃப்ரேமுக்கு வெளியே நடவு மெஷின்

குறுவை நடவு சமயத்தில் டெல்டாவுக்குத் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, ஆவணப்படக்காரர்கள் வந்துவிடுகிறார்கள். "மண்ணின் ஆதி மனிதர்களை"ப் படம்பிடிக்கிறார்களாம். முதல் வேலையாக நடவு மெஷினை அடுத்த வயலுக்குத் தள்ளச் சொல்வார்கள். அப்புறம் பெண்கள் சேலைக்கு மேல் போட்டிருக்கும் ஆம்பளை முழுக்கைச் சட்டை கண்ணை உறுத்தும். வெயிலில் நாளெல்லாம் குனிந்து நிற்பவருக்கு அந்தச் சட்டை எதற்கு என்று கேமராவுக்குத் தெரியுமா? "அக்கா, இடுப்புல இருக்குற செல்லை எடுத்துடுங்க. ஒரு நடவுப் பாட்டு பாடுங்க." அக்கா பாடுவது போன தீபாவளிக்கு வந்த சினிமாப் பாட்டு.

வியாதி பழசுதான். 1922-இல் வந்த 'நானூக்' படத்தில், துப்பாக்கி பழகிய இனுயிட் வேட்டைக்காரர்களை ஈட்டியோடு வால்ரஸ் வேட்டைக்கு இறக்கினார் அதன் இயக்குநர் ஃபிளாஹர்ட்டி.

நேர்மைக்கும் ஓர் உதாரணம் உண்டு. 1961-62-இல் தஞ்சாவூர்ப் பக்கம் ஆய்வுக்கு வந்த சமூகவியலாளர் ஆந்திரே பெத்தேய், ஊருக்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் வைத்தார். தங்கியது அக்ரகாரத்தில். அதனால் சேரிப் பக்கம் நினைத்தபடி போய்வர முடியவில்லை என்பதை அவரே மறைக்காமல் எழுதியும் வைத்தார். நம் டைரக்டர்களோ மிராசுதார் வீட்டு ஏசியில் படுத்துக்கொண்டு, தெருக்கோடிக் குடிசையை ட்ரோனில் பார்த்துவிட்டு, "உள்ளிருந்து ஒரு பார்வை" என்று டைட்டில் போடுகிறார்கள்.

ஐயா டைரக்டர்களே, படம்பிடித்த நாளின் நடவுக் கூலியை முழுசாகக் கொடுத்துவிடுங்கள். படத்தைப் பெர்லின் திரைப்பட விழாவுக்கு அனுப்புமுன் அந்தத் தெருவில் ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் போட்டுக் காட்டுங்கள். தெருக்காரர்கள் வெட்டச் சொன்னால் வெட்டுங்கள்.