காசு கொடுத்து வாங்கிய முட்டிவலி

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு முட்டிவலி. ஒன்று மரியாதையான வலி, இன்னொன்று மரியாதை இல்லாத வலி.

மரியாதையானது அம்மாவுடையது. எழுபது தாண்டியவர். ஆட்டுக்கல், அம்மி, ரேஷன் கடை வரிசை என்று எல்லா இடத்திலும் காலைத் தேய்த்தவர். சோபாவிலிருந்து அவர் 'முருகா' என்று எழுந்தால் வீட்டில் இருக்கிற அத்தனை கைகளும் நீளும். அதே சோபாவின் மறுகோடியிலிருந்து நான் 'முருகா' என்று எழுந்தால், "இன்னும் ரெண்டு தடவை ஏற்காடு போயிட்டு வாங்க, சரியாயிடும்" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். முருகன் ஒருவர்தான், பக்தர்களில்தான் பேதம்.

சைக்கிள்காரனின் முட்டிவலிக்கு நம் ஊரில் அனுதாபம் கிடையாது. குடித்துக் குடித்து ஈரலைக் கெடுத்துக்கொண்டவனைக்கூட 'பாவம், என்ன மனக்கஷ்டமோ' என்று பேசும் நல்ல ஜனங்கள் நாம். ஆனால் புது பைக் வாங்கும் காசைக் கொடுத்து இன்ஜின் இல்லாத வண்டியை வாங்கி, விடியற்காலையில் எழுந்து, தெருநாய்கள் புடைசூழ ஊரைத் தாண்டி, மலையேறி இறங்கி, நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வருகிறவனை என்னவென்று சொல்வது? உறவுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்: "அது காசு குடுத்து வாங்குன வலிங்க." சின்ன மாமா மட்டும் ஒரு திருத்தம் சொன்னார்: "இ.எம்.ஐ.ல வாங்குனது." அதுவும் உண்மைதான்.

நான் இருப்பது சேலத்தில். சேலத்தில் கியர் சைக்கிள் வாங்கியவனுக்குப் போக்கிடம் ஒன்றுதான். அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் போய்விட்டால் அப்புறம் ஏற்காடு மலை பார்த்துக்கொள்ளும். இருபது கொண்டை ஊசி வளைவுகள். எத்தனையாவது வளைவு என்று பலகையில் போட்டு வைத்திருக்கிறார்கள். காரில் போகிறவனுக்கு அது தகவல், சைக்கிளில் போகிறவனுக்குத் தண்டனைக் கணக்கு. அடிவாரத்திலிருந்து மேலே போக எனக்கு இரண்டு மணி நேரம் ஆகும். நிமிடத்துக்கு அறுபது மிதி என்று வைத்துக்கொண்டாலும் ஒரு முட்டி 7,200 முறை மடங்கி நிமிர வேண்டும். தோப்புக்கரணத்தில் இந்த எண்ணிக்கையைக் கேட்டால் பிள்ளையாரே 'வேண்டாம், போய்ட்டு வா' என்று சொல்லிவிடுவார்.

இதில் பெரிய வேடிக்கை, மலை உச்சியில்தான் மூட்டுவலிக்கு மருந்து விற்கிறார்கள் என்பது. முடவாட்டுக்கால் கிழங்கு சூப். பாறை இடுக்குகளிலும் மரங்களிலும் தொற்றி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு அது. மேலெல்லாம் பழுப்பு ரோமத்தோடு, பார்ப்பதற்கு அசல் ஆட்டுக்கால். ரோமத்தைச் சுரண்டி, இடித்து, மிளகு சீரகம் தட்டிப்போட்டுக் கொதிக்க வைத்துத் தருவார்கள். காலையில் அந்த மலைக்காற்றில் குடிக்க அமிர்தம். முட்டிக்கு என்ன செய்யும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. "முட்டிவலிக்கு ரொம்ப நல்லதுங்கண்ணா" என்று டம்ளரை நீட்டிய அம்மாள், என் கால்களையும் பக்கத்தில் சாய்த்திருந்த சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சூப்பு குடிக்கவா இவ்ளோ தூரம் மிதிச்சு வந்தீங்க?" என்று கேட்டார். கீழேயே இருந்திருந்தால் சூப்பே தேவைப்பட்டிருக்காது என்கிற கணக்கு அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. வியாபாரம் கெட்டுவிடும் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வீட்டு வைத்தியம் தனிப் பிரிவு. முடக்கத்தான் தோசை, பிரண்டைத் துவையல், நல்லெண்ணெய், நொச்சி ஒத்தடம். பிரண்டையைச் சரியாக வதக்காமல் அரைத்தால் நாக்கு அரிக்கும். அந்த அரிப்பில் முட்டிவலி மறந்துபோகும். அதைத்தான் முன்னோர்கள் மருந்து என்று சொல்லியிருக்கிறார்களோ என்னவோ.

கடைசியில் எலும்பு டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரே எடுத்தார், விளக்கில் பிடித்துப் பார்த்தார், எலும்பு நன்றாக இருக்கிறது என்றார். நன்றாக இருக்கிறது என்று கேட்டு ஒருவன் மனம் உடைவது முட்டிவலியில் மட்டும்தான் நடக்கும். வீட்டில் காட்ட ஒரு விரிசல், ஒரு தேய்மானம், ஏதாவது ஒன்று இருந்திருக்கக் கூடாதா? பிறகு அவர், "தியேட்டர்ல ரொம்ப நேரம் உட்கார்ந்தா வலிக்குதா?" என்று கேட்டார். முட்டிச்சில்லுக்குப் பின்னால் வருகிற வலிக்கு இது ஓர் அடையாளமாம். காலை மடக்கியபடியே வெகுநேரம் உட்கார்ந்தால் குடையும். மேல்நாட்டு மருத்துவர்கள் இதற்கு சினிமாவை வைத்தே பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஒன்றரை மணி நேரப் படத்துக்கே அவர்களுக்கு அப்படி. நம் படங்களுக்கு வந்து, முதல் பாட்டு, இடைவேளை, ஃபிளாஷ்பேக், ஃபிளாஷ்பேக்குக்குள் ஒரு பாட்டு எல்லாம் பார்த்துவிட்டுப் பெயர் வைத்திருக்க வேண்டும். எனக்கு எதனால் வலித்தது என்று பிரித்துச் சொல்ல முடியாத படங்கள் உண்டு.

"கொஞ்ச நாளைக்கு சைக்கிளை நிறுத்துங்க" என்றார் டாக்டர். நான் 'கொஞ்ச நாளைக்கு' என்பதைக் கேட்டேன். கூட வந்த மனைவி 'நிறுத்துங்க' என்பதைக் கேட்டாள்.

டாக்டர் சொல்லாததை அம்மாப்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவர் சொன்னார். வாடகை சைக்கிள் காலத்திலிருந்து கடை நடத்துகிறவர். காற்றடிக்கப் போன என்னைத் தெருவில் நாலு மிதி மிதிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "சீட்டு எறங்கியிருக்குங்க சார். முட்டி நெஞ்சுக்கு வருது பாருங்க" என்றார். சீட்டைத் தாங்கும் குழாய், ஒவ்வொரு குழியிலும் வேகத்தடையிலும் ஒரு மயிரிழை, இரு மயிரிழை என்று யாருக்கும் தெரியாமல் உள்ளே இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. சீட்டு தாழ்ந்தால் கால் மடங்கியபடியே அழுத்த வேண்டியிருக்கும்; முட்டிச்சில்லு தொடை எலும்போடு அழுந்தி உராயும்; முன்பக்கம் வலிக்கும். சீட்டு அதிகம் உயர்ந்தால் கால் எட்டி எட்டி மிதிக்கும். முட்டிக்குப் பின்பக்கம் இழுக்கும். உள்பக்கம், வெளிப்பக்கம் வலித்தால் பாதம் திரும்பியிருக்கும் கோணத்தைப் பார்க்க வேண்டும். சைக்கிள்காரர்களுக்கு முட்டி ஒரு ஜாதகக் கட்டம். எந்த வீட்டில் வலி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தே பலன் சொல்லிவிடலாம்.

சரியான உயரத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் பிரபலப்படுத்தியது. தரையிலிருந்து கவட்டை வரை அளந்து, அதை 0.883ஆல் பெருக்கினால் வருவது, பெடல் தண்டுகள் இரண்டும் சேர்ந்து சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம். எனக்கு 80 சென்டிமீட்டர், பெருக்கினால் 70.6. சொல்ல எளிது, அளப்பதில்தான் மானம் போகிறது. வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நின்று, ஒரு தடித்த புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவே செருகி, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுந்துமோ அவ்வளவு மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு, புத்தகத்தின் மேல்விளிம்பில் சுவரில் கோடு போட வேண்டும். வீட்டில் கைக்குக் கிடைத்த தடித்த புத்தகம் மகளின் பிளஸ் டூ இயற்பியல் கைடு. அதை இடுக்கிக்கொண்டு, வாயில் பென்சிலோடு நான் நின்ற கோலத்தில்தான் அவள் கைடைத் தேடி அறைக்குள் வந்தாள். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அவளுக்குப் புது கைடு வாங்கித் தர வேண்டியிருந்தது.

பெரியவர் குழாயைத் துடைத்து, உயரத்தைச் சரி செய்து, இனி இறங்கினால் தெரியட்டும் என்று கறுப்பு இன்சுலேஷன் டேப்பை அடையாளத்துக்குச் சுற்றிக் கொடுத்தார். முன்பக்க வலி மெல்ல மெல்ல விடைபெற்றது. நானும் நிம்மதியாக இருந்தேன், ஐந்து ரோடு சிக்னல் வரும்வரை.

நான் போடுவது க்ளீட் ஷூ. அடிப்பகுதியில் உள்ள கொக்கி பெடலோடு 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழன்றுகொள்ளும். இடப்பக்கம் கழற்றிக் கால் ஊன்றுவதாக ஏற்பாடு. சிக்னலில் நின்றேன், இடக்காலைக் கழற்றினேன், பக்கத்தில் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்தது, வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. பூட்டிய காலோடு சாய்வதில் ஒரு நிதானம் உண்டு. வேகமே இல்லை; மெதுவாக, சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்க அவகாசம் கொடுத்து, அடியோடு சாய்வோம். ஓடி வந்தவர்கள் நல்லவர்கள். இரண்டு பேர் என்னை விட்டுவிட்டு முதலில் வண்டியைத் தூக்கினார்கள். வண்டியோடு என் காலும் மேலே போனது. "விடுங்க, விடுங்க, மாட்டியிருக்கு" என்று நான் கத்த, "சங்கிலில கால் மாட்டிக்கிச்சு போல" என்று இன்னொருவர் இன்னும் பலமாக இழுத்தார். அதற்குள் ஓர் ஆட்டோக்காரர் குனிந்து பார்த்து உண்மையைக் கண்டுபிடித்தார்: "யோவ், இவரே காலைக் கட்டிப் போட்டுக்கிட்டு ஓட்டிட்டு வந்திருக்காருய்யா!" கூட்டத்தின் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே. அதுவரை விபத்தில் சிக்கியவனாக இருந்தவன் அந்த நொடியில் கிறுக்கனாகிவிட்டேன். சோடாவுக்காக நீண்ட கை அப்படியே திரும்பிப் போனது. புத்தூர்க்கட்டு எங்கே போடுகிறார்கள் என்று வழி மட்டும் சொன்னார்கள்.

முட்டியில் சிராய்ப்பு, அது ஆறிவிட்டது. ஆனால் விழுந்த வேகத்தில் க்ளீட் துளியூண்டு திரும்பிவிட்டது போல. பிறகு மிதித்தபோது முன்பக்கம் காலி செய்துவிட்டுப் போன வலி, முட்டியின் வெளிப்பக்கத்தில் பால் காய்ச்சிக் குடியேறியிருந்தது. க்ளீட்டைத் திருப்பினேன், சரியாகவில்லை. சீட்டைக் கொஞ்சம் ஏற்றினேன், பின்பக்கம் இழுத்தது. இறக்கினேன், பழைய வாடகைக்காரர் எட்டிப் பார்த்தார்.

இந்தச் சமயத்தில் எனக்கு ஆறுதல் சொன்னது பெரிய மனிதர்களின் வரலாறுதான். பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஐந்து முறை வென்றவர். 1969இல் பிரான்சின் புளுவா நகரில் ஒரு விபத்தில் சிக்கினார். அதற்குப் பிறகு சைக்கிளில் உட்காருவதே அவருக்குப் பழையபடி ஒத்துவரவில்லை. சீட்டை ஏற்றுவார், இறக்குவார், மறுபடி ஏற்றுவார். பந்தயத்தின் நடுவிலும் இதே வேலை. பிரான்சின் பெர்னார் இனோவும் ஐந்து முறை வென்றவர்தான். 1980 பந்தயத்தில் தலைவருக்குரிய மஞ்சள் சட்டையைப் போட்டிருந்த நிலையில், முட்டி தாங்காமல், போ நகரத்தில் ராத்திரியோடு ராத்திரியாகப் பந்தயத்தை விட்டு வெளியேறினார். அடுத்த இடத்திலிருந்த ஹாலந்துக்காரர் யோப் ஸூட்டமெல்க், மறுநாள் அந்த மஞ்சள் சட்டையைப் போட மறுத்தார். அப்படிப்பட்ட மரியாதை ஒரு முட்டிவலிக்கு! இனோ அதே ஆண்டு உலகச் சாம்பியன் பட்டத்தையும் வென்றார்.

இதையெல்லாம் உணர்ச்சிபொங்க வீட்டில் சொன்னேன். மனைவி முழுவதும் கேட்டுவிட்டு, "அவங்களுக்கு அதுக்குச் சம்பளம் குடுத்தாங்க" என்றாள்.

பிறகுதான் ஃபிசியோதெரபி. பாதி என் காலுக்காக, பாதி அம்மாவின் காலுக்காக வீட்டுக்கே வந்து பார்க்கும் ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தோம். என்னை ஒற்றைக் காலில் நின்று மெதுவாக உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன், முட்டி உள்பக்கம் வளைந்தது. "முட்டி ஒரு தப்பும் பண்ணலைங்க சார். இடுப்புச் சதை வேலை செய்யறதில்ல, பாதம் ஒழுங்கா நிக்கறதில்ல. நடுவுல இருக்கறது வாங்கிக் கட்டிக்குது" என்றார். அந்த நிமிடம் என் முட்டியின் மேல் எனக்கே ஒரு பரிதாபம் வந்தது. இத்தனை நாள் எண்ணெயும் ஐஸ்கட்டியும் வைத்து விசாரணை நடத்தியது முழுவதும் குற்றம் செய்யாதவனிடம். பின்னால் சொகுசாக உட்கார்ந்திருந்த இடுப்பை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றிலிருந்து மாலையில் ஹாலில் இரண்டு பாய்கள். ஒன்றில் அம்மா, ஒன்றில் நான். டி.வி.யில் சீரியல். காலை நீட்டித் தூக்கிப் பத்து எண்ணும்வரை நிறுத்த வேண்டும். அம்மா எண்ணுவது வேகமாக இருக்கும்; ஆறுக்கு அப்புறம் பத்து. வில்லி வரும் காட்சிகளில் மட்டும் எண்ணுவதை மறந்துவிட்டுக் காலைத் தூக்கியபடியே பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் அவர் தொடைச் சதை என்னுடையதைவிடச் சீக்கிரம் இறுகிவிட்டது என்று அந்தப் பெண்ணே சொன்னார். எனக்கு அந்த சீரியலில் ஈடுபாடு போதவில்லை.

அடுத்த முறை அம்மாவை அதே எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனோம். அம்மாவின் எக்ஸ்ரேயில் நான் ஏங்கிய தேய்மானம் தாராளமாக இருந்தது. அவர் பார்த்துவிட்டு, "நடக்கறது கஷ்டமா இருந்தா வீட்லயே நிக்கிற சைக்கிள் ஒண்ணு வாங்கிப் போடுங்க. உடம்பு வெயிட்டு முட்டி மேல ஏறாது. தினம் பத்து நிமிஷம் மிதிங்கம்மா, ரொம்ப நல்லது" என்றார்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

சைக்கிள் வந்துவிட்டது. ஹாலில் சீரியலுக்கு நேர் எதிரே நிறுத்தியிருக்கிறோம். அம்மா புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு மிதிக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அதிசயம். "இந்த வயசுலயும் சைக்கிள் ஓட்றாங்களே!" என்று சின்ன மாமா வீடியோ எடுத்து சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டார். அதன் கீழே கைகூப்பும் படங்கள் குவிந்துகிடக்கின்றன. எனக்கென்று வந்த செய்தி ஒன்றே ஒன்று: 'அம்மாவைப் பார்த்துக் கத்துக்கோப்பா.' ஓர் அங்குலம்கூட நகராத சைக்கிளுக்கு இவ்வளவு பேர்!

நேற்று மாலை விளம்பர இடைவேளையில் அம்மா கூப்பிட்டார். "சாமி, இந்தச் சீட்டை ஒரு நூல் ஏத்திவிடுடா. முன்னாடி குத்துது."

முன்பக்கம் வலி, சீட்டு தாழ்வு. அம்மா எந்தக் கணக்கும் இல்லாமலே கண்டுபிடித்துவிட்டார். அந்தச் சைக்கிளில் சீட்டை ஏற்ற ஒரு கைத்திருகைத் தளர்த்தினால் போதும். இருந்தாலும் முறைப்படி செய்வோமே என்று உள்ளே போய் இஞ்சு டேப்பும் பென்சிலும் எடுத்து வந்தேன். அம்மா சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை.

"அளக்கறதெல்லாம் வேண்டாம்" என்றார். "பாப்பாவோட கைடை நீ என்ன பண்ணின்னு அவ சொல்லிட்டா."