வெள்ளைக்கல் விடும் மூச்சு

கேள்வி: ஏற்காட்டில் பாக்சைட் வெட்டிய மால்கோ, வேதாந்தா குழுமத்தைச் சேர்ந்தது. அந்தக் குழுமம் 2050-க்குள் ‘நெட் ஜீரோ’ (நிகரக் கரியமில வாயு உமிழ்வு பூஜ்யம்) என்கிறதே, நடக்குமா?
(சேலம் வாசகர் ஒருவர்)

பதில்: மேட்டூர் உலையில் மால்கோ அலுமினியம் காய்ச்சுவது 2008-லேயே நின்றுவிட்டது. அந்த உலையைப் பொறுத்தவரை, இலக்கை 42 வருடம் முந்தியே எட்டியாயிற்று! குழுமம் அலுமினியம் காய்ச்சும் மற்ற ஊர்களில்தான் சிக்கல். ஒரு டன் அலுமினியத்துக்குச் சுமார் 14,000 யூனிட் மின்சாரம் வேண்டும். அது நிலக்கரியிலிருந்து வருகிறவரை, வாக்குறுதிக்கும் புகை வாசம்தான்.

ஆனாலும் நீங்கள் மலை உச்சியையே பார்க்கிறீர்கள். கொஞ்சம் அடிவாரத்தையும் பாருங்கள். ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் என்று பெயர் வைத்த ஊராயிற்றே நம்முடையது! சேர்வராயன் மலையடிவாரத்தில் அந்த மேக்னசைட் என்கிற வெள்ளைக்கல் இருக்கிறதே, அது மகா அழுத்தக்காரக் கல். கரியமில வாயுவைப் பிடித்து வைத்துக்கொண்டு, யுகயுகமாய் வாய் திறக்காமல் கிடந்தது. நாம் அதைத் தோண்டி, உருக்கு உலைகளின் உட்சுவருக்குச் செங்கல் செய்யச் சூளையில் போடுகிறோம். சுத்தமான கல் 100 கிலோ வெந்தால், 52 கிலோ வாயுவாகப் பறந்துவிடும். கையில் நிற்பது 48. நம் வீட்டுச் சம்பளக் கணக்கு மாதிரி.

இதில் வேடிக்கை, சூளையைச் சூரிய மின்சாரத்தில் எரித்தாலும் அந்த 52 போகத்தான் போகும். அது எரிபொருளின் புகையல்ல, கல்லே விடும் மூச்சு. அதைப் பிடித்து அடைக்க வழி சொல்லாமல் ‘சோலார் போட்டுவிட்டோம்’ என்று யாராவது படம் காட்டினால், 52 எங்கே என்று கேளுங்கள். 2070-க்குள் நெட் ஜீரோ என்று நாடே 2021-இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் சொல்லிவிட்டது. அதற்குள் பதில் வந்துவிடும் அல்லவா?