கேள்வி-பதில்: ஏறினவருக்கு எவ்வளவு?

கே: பனை நட்டால் காசு எப்போது வரும்? (இளம் விவசாயி, விளாத்திகுளம்)

ப: பாளை விடவே சுமார் 15 வருஷம் ஆகும். இன்று பிறந்த பிள்ளை பேரில் ஒரு கொட்டையை ஊன்றுங்கள். பிள்ளை பத்தாவது எழுதும்போது மரமும் பரீட்சைக்குத் தயார். அவசரக்காரருக்கும் அதே கொட்டையில் வழி உண்டு: மணலில் புதைத்தால் பொங்கலுக்குக் கிழங்கு!

கே: கருப்பட்டி ஏன் இந்த விலை? (இல்லத்தரசி, மதுரை)

ப: ஒரு கிலோவுக்கு 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும். அதற்காகக் காலையிலும் மாலையிலும் ஒருவர் ஏறிப் பாளை சீவ வேண்டும். கீழே இன்னொருவர் புகையில் நின்று மணிக்கணக்காகக் காய்ச்ச வேண்டும். விலையைக் கேட்டு அண்ணாந்து பார்க்கிறீர்களே, அப்படியே மரத்தையும் பாருங்கள். காரணம் உச்சியில் நிற்பார்!

கே: பாதி விலைக்கும் கிடைக்கிறதே? (மாணவர், திருநெல்வேலி)

ப: சீனிப்பாகைச் சிரட்டையில் ஊற்றினாலும் கருப்பட்டி உருவம் வரும். உருவம் சிரட்டை தருவது. ருசி மரம் தருவது. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. பெயருக்குக் காவல் வந்தாச்சு, நாக்குக்குக் காவல் நீங்கள்தான்.

கே: கலயத்தில் சுண்ணாம்பு எதற்கு? (வாசகி, சென்னை)

ப: பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவே நிற்கும் போலீஸ்காரர் அவர். உள்ளே தடவினால் புளிக்காது, மறந்தால் கள். ஒரே பூச்சில் பானமும் மாறும், சட்டப்பிரிவும் மாறும்.

கே: பதநீர் இல்லாத மாதங்களில் பிழைப்பு? (ஆசிரியர், இராமநாதபுரம்)

ப: பதநீர் சில மாதம், பசி பன்னிரண்டு மாதம். அதற்குத்தான் நுங்கு, கிழங்கு, தும்பு, ஓலை எல்லாம். மணப்பாட்டுப் பெண்கள் ஓலையில் பெட்டி முடைகிறார்கள். யாழ்ப்பாணத்தார் கிழங்கைக் காயவைத்து ஒடியலாக்கி, மாவாக்கி, கூழே காய்ச்சிவிடுகிறார்கள்.

கே: மாநில மரம் என்று அறிவித்தது போதாதா? (வழக்கறிஞர், தூத்துக்குடி)

ப: பட்டம் 1978-லேயே வந்தது. வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையும் சொன்னது. மரம் நின்றால் மட்டும் போதுமா? ஏற ஆளில்லாத பனை, பூட்டிய கடை!

கே: பனையேறி மகன் ஏன் ஏற மாட்டேன் என்கிறான்? (பெரியவர், சாத்தான்குளம்)

ப: மரம் உரசி உரசித் தடித்துக் கறுத்த அப்பாவின் நெஞ்சைப் பார்த்திருக்கிறான். சீசனுக்கு முன்னால் முன்பணம் வாங்கி, கொடுத்தவர் சொன்ன விலைக்கே கருப்பட்டியைக் கொட்டியதையும் பார்த்திருக்கிறான். பயந்தது உயரத்துக்கு அல்ல ஐயா, கணக்குக்கு.

கே: அப்போ வழி? (சுயஉதவிக் குழு உறுப்பினர், திசையன்விளை)

ப: காய்ச்சுவது, ஓலைக் கொட்டானில் கட்டுவது, விலை வைப்பது மூன்றும் ஊருக்குள்ளேயே நடக்கட்டும். முன்பணத்துக்கு ஒரு கூட்டுறவுச் சங்கம், சரக்கு கசியாமலிருக்க ஒரு நல்ல பரண். சீசனில் விற்றால் வியாபாரி விலை. காத்திருந்து விற்றால் உங்கள் விலை.

கே: பட்டணத்தில் இருக்கும் நான் என்ன செய்யட்டும்? (மென்பொருள் ஊழியர், கோவை)

ப: "கிலோ என்ன விலை?" என்று கேட்ட கையோடு, "ஏறினவருக்கு எவ்வளவு?" என்றும் கேளுங்கள். பதில் வைத்திருக்கும் கடையில் வாங்குங்கள்.